துணைக்கு நிற்கிறவரின் லீவு

எங்கள் பகுதி வைத்தியசாலைகளில் ஒருவரை வாட்டில் அனுமதித்ததும், நோயைப் பற்றிய விசாரணை முடிந்த கையோடு ஒரு கேள்வி வரும்: “துணைக்கு ஆர் நிக்கிறது?” நோயாளிக்கு ஒரு கட்டில் உண்டு. கட்டிலுக்கு ஓர் இலக்கம், அந்த இலக்கத்துக்கு ஒரு கோவை, கோவையில் காய்ச்சல் ஏறி இறங்கிய கணக்கு, வீட்டுக்கு விடும்போது நோய் விபரம் எழுதிய அட்டை என்று எல்லாம் உண்டு. துணைக்கு நிற்கிறவருக்கு ஒரு பிளாஸ்ரிக் கதிரை, அதுவும் மிஞ்சியிருந்தால். அவருடைய பெயர் எந்தக் கோவையிலும் ஏறுவதில்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் நோயாளியை மலசலகூடத்துக்குக் கூட்டிப்போகவும், கஞ்சி பருக்கவும், வெளியில் எடுக்கச் சொன்ன மருந்துத் துண்டோடு பாமசிக்கு ஓடவும் ஆளில்லை. நமது நாட்டின் இலவச வைத்தியத்தை அரசாங்கம் சுமக்கிறது என்கிறோம். அதில் ஒரு பங்கைப் பெயர் பதியப்படாத இந்த ஆட்கள் சுமக்கிறார்கள்.

இந்த ஆளுக்கும் ஒரு தொழில் இருக்கும், அந்தத் தொழிலில் இன்று அவருடைய இடம் வெறுமையாக இருக்கும் என்பதை நாம் யோசிப்பதில்லை. நோயாளியை நலம் விசாரிக்கப் போவதில் நமது சமூகம் பின்நிற்பதில்லை. நெஸ்டமோல்ட் போத்தலும் கிறீம் கிறக்கர் பெட்டியும் தோடம்பழப் பையுமாகப் பார்வையாளர் நேரத்தில் கட்டிலைச் சுற்றி நிற்கிறோம். கிடப்பவரிடம் “எப்படியிருக்கு?” என்று கேட்கிறோம். பக்கத்தில் நிற்பவரிடம் “உங்கட வேலைக்கு என்ன செய்தீங்கள், லீவு இருக்கா?” என்று கேட்கிறவர்கள் அரிது. இங்கே எழுத நினைப்பது அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

நான் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார். 1990 ஒக்ரோபரில் எங்கள் சனங்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. புத்தளத்தில் படித்து, அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயின்று, யுத்தம் முடிந்த பிறகு முல்லைத்தீவுக்கு மாற்றம் கேட்டு வந்தவன். கிராமத்தில் வாத்தியாருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுதுவது, காணிப் படிவம் நிரப்புவது, ஆஸ்பத்திரித் துண்டில் எழுதியிருப்பதை வாசித்துச் சொல்வது எல்லாம் அவர் கைக்கே வரும். பின்னேரத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறவர்களில் முஸ்லிம்களும் இருப்பார்கள், தமிழர்களும் இருப்பார்கள். நோய் என்று வந்தால் எல்லோரும் ஒரே வாட்டில்தான் கிடக்கிறோம்.

2019இல் வாப்பாவின் காலில் ஆறாத புண் ஒன்று முற்றி, முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். வீட்டிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல். பத்தொன்பது நாட்கள் அவருக்குத் துணைக்கு நின்றேன். அதிபருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு மட்டும் எடுத்தேன். “நீங்க வாப்பாவைப் பாருங்கோ, படிவத்தைப் பேந்து தரலாம்” என்றார். அரசாங்க ஆசிரியருக்கு வருடத்துக்கு 41 நாட்கள் லீவு உண்டு. அமைய லீவும் சுகயீன லீவும் சேர்ந்த கணக்கு அது. அதற்கு மேலும் தேவைப்பட்டால் சம்பளமற்ற லீவுக்கு விண்ணப்பிக்க வழியுண்டு. நான் வாப்பாவின் காலைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதுமாக இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் தகப்பனுக்குத் துணை நின்ற பெடியனுக்கு இரண்டு கவலை. ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிள்ளை. இருபத்தைந்து வயதிருக்கும். ஒரு பட்டணத்தில் ஹாட்வெயார் கடையொன்றில் மூன்று வருடமாக வேலை செய்கிறான். நாலாம் நாள் இரவு தாழ்வாரத்தில் கைத்தொலைபேசியைக் காதில் வைத்தபடி “ஓம் அண்ணை, ஓம் அண்ணை” என்று மெல்லமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“நாளைக்கு வராட்டி வேறை ஆளைப் போடுறாராம், சேர்.”

“உமக்கு லீவு கிடையாதோ?”

“கடைக்காரருக்கு என்ன சேர் லீவு? வாற நாளுக்குச் சம்பளம், வராத நாளுக்கு இல்லை. அவ்வளவுதான்.”

தகப்பனுக்கு மறுநாள் சத்திரசிகிச்சை என்று குறித்திருந்தார்கள். தாய்க்கு இரவில் ஆண்கள் வாட்டில் நிற்க ஏலாது. அவன் போனால் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. போகாவிட்டால் வீட்டுக்கு வரும் ஒரே சம்பளம் இல்லை. விடியற்காலைப் பஸ்ஸுக்குப் போவதென்று அவன் தீர்மானித்திருந்தான். “இரவைக்குத் திரும்பி வந்திடுவன், சேர். அதுவரைக்கும் அப்பாவை ஒருக்காப் பாருங்கோ” என்றான்.

தொழில் திணைக்களத்தில் கடமையாற்றிய நண்பர் ஒருவருக்கு அந்த நேரத்திலேயே அழைப்பெடுத்தேன். அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கையில் கடை, அலுவலகங்களில் வேலை செய்பவர்களுக்கென்று 1954ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்திருக்கிறது. கடை அலுவலக ஊழியர் சட்டம் என்பார்கள். அதன்படி முதல் வருடத்தில் இரண்டு மாதச் சேவைக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சம்பளத்துடன் அமைய லீவு உண்டு. இரண்டாம் வருடத்திலிருந்து வருடத்துக்கு 7 நாள். அது போக 14 நாள் வருடாந்த லீவு. அந்த 7 நாள் எதற்காக என்பதையும் சட்டம் சொல்கிறது: சொந்த அலுவல், சுகவீனம், அல்லது நியாயமான வேறு காரணம். தகப்பனின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பதைவிட நியாயமான காரணம் வேறென்ன இருக்கிறது?

கொப்பித்தாள் ஒன்றைக் கிழித்து, தாழ்வார வெளிச்சத்தில் கடிதம் எழுதினோம். சண்டைக் கடிதம் இல்லை. மரியாதையான கடிதம். தகப்பனின் பெயர், வாட் இலக்கம், சத்திரசிகிச்சைத் திகதி, மூன்று வருடச் சேவை, சட்டப்படி தனக்குரிய 7 நாள் அமைய லீவை இன்ன திகதியிலிருந்து தரும்படி வேண்டுகோள். கையெழுத்து. அதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து முதலாளிக்கு அனுப்பினான். காலையில் வாட்டில் கேட்டு, இன்னார் நோயாளியுடன் தங்கி நிற்கிறார் என்று ஒரு துண்டும் வாங்கிக்கொண்டான்.

முதலாளி அதை வாசித்தாரோ, ஆரிடமும் காட்டிக் கேட்டாரோ நானறியேன். பெடியனின் வேலை போகவில்லை. ஏழு நாளில் நாலு நாளுக்குச் சம்பளம் கொடுத்தாராம், மிச்சத்தைக் கொடுக்கவில்லையாம். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்கு அது போதாதென்று பட்டது. அவனுக்கோ தகப்பன் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க முடிந்ததே பெரிய காரியமாக இருந்தது.

சட்டம் வந்து அறுபத்தைந்து வருடமாகிவிட்ட பிறகும் மூன்று வருடம் கடையில் நின்ற ஒருவனின் காதில் அது விழவில்லை. இதில் அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தச் சட்டம் தொழில் திணைக்களத்தில் இருக்கிறது, சட்டத்தரணியின் அலுமாரியில் இருக்கிறது, பெரிய கம்பனிகளின் ஆளணிப் பிரிவில் இருக்கிறது. அது தேவைப்படுகிறவனோ வாட்டுக்கு வெளியே பாய் விரித்துப் படுத்திருக்கிறான். இரண்டுக்கும் இடையிலான தூரத்தைக் கடப்பதுதான் பிரச்சினை.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரி விடயமாக என்னிடம் வருகிறவர்களிடம் நோயைக் கேட்பதோடு தொழிலையும் கேட்கத் தொடங்கினேன். கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது, லீவு என்ற ஒரே சொல்லுக்கு ஆளுக்கு ஆள் வேறு வேறு பொருள் இருப்பது.

பிரசவத்தை எடுத்துக்கொள்வோம். இந்த விடயத்தில் நமது நாட்டுச் சட்டம் பழையது. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டிலேயே வந்தது. இன்று அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும் தாய்க்கு, 2005ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றுநிருபத்தின்படி, 84 வேலை நாட்கள் முழுச் சம்பளத்துடன் லீவு உண்டு. அதன் பின் 84 நாட்கள் அரைச் சம்பளத்துடனும், இன்னும் 84 நாட்கள் சம்பளமின்றியும் எடுக்கலாம். தனியார் துறையில் சம்பளத்துடன் 84 நாட்கள். முன்னர் தனியார் துறையில் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டுமே 84 நாள் கிடைத்தது. மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாளாகக் குறைந்துவிடும். 2018இல் சட்டத்தைத் திருத்தி, எத்தனையாவது பிள்ளையாக இருந்தாலும் 84 நாள் என்று ஆக்கினார்கள். பிள்ளை உயிரோடு பிறக்காத துயரம் நேர்ந்தால் 42 நாள். பாலூட்டும் தாய்க்கு, பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை, வேலை நேரத்தில் இரண்டு இடைவேளைகள் கொடுக்க வேண்டும் என்றும் கட்டளைச் சட்டம் சொல்கிறது. வேலைத்தலத்தில் பிள்ளை பராமரிப்பு இடமிருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். கர்ப்பமானதைக் காரணம் காட்டி வேலையால் நிறுத்தவும் முடியாது.

எங்கள் ஊருக்கு அண்மையில் ஒரு தாய், நாலாவது பிள்ளை பிறந்து ஐந்தாம் கிழமையில் வேலைக்குத் திரும்ப ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். “நாலாவதுக்கு ஆறு கிழமைதானே மாஸ்டர்” என்றார். அவருடைய மூத்த சகோதரி சொல்லியிருக்கிறார். சகோதரி பொய் சொல்லவில்லை. அவருடைய காலத்தில் அதுதான் சட்டம். திருத்தம் வந்து வருடங்கள் ஆகியும் அது அந்த வீட்டுக்கு வந்து சேரவில்லை. பழைய சட்டம் வாய்வழியே பத்திரமாகக் கைமாறியிருந்தது. இன்னும் ஆறேழு கிழமை பிள்ளையோடு இருக்கலாம் என்று அறிந்தபோது அவர் முதலில் நம்பவில்லை. பிறகு மடியில் கிடந்த பிள்ளையைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

தகப்பன்மாருக்கு இந்தக் கணக்கில் கொஞ்சந்தான் இருக்கிறது. அரசாங்க உத்தியோகத்தர் என்றால் பிள்ளை பிறந்ததற்கு மூன்று நாள் லீவு. தனியார் துறையில் அப்படியொன்று சட்டத்திலேயே இல்லை.

நமது வாசகர்களுக்கு நெருக்கமான இன்னொரு லீவு உண்டு. அரசாங்கத் தாபன விதிக்கோவையில் முஸ்லிம் உத்தியோகத்தர்களுக்கென்று சில ஏற்பாடுகள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு 12 மணியிலிருந்து 2 மணிவரை கிடைக்கும் நேரத்தை அறியாத முஸ்லிம் உத்தியோகத்தர் கிடையாது. அதே விதிக்கோவையில் கணவனை இழந்த முஸ்லிம் பெண் உத்தியோகத்தருக்கு இத்தாவுக்காக நான்கு மாதமும் பத்து நாளும், விவாகரத்தானவருக்கு மூன்று மாதமும் விசேட லீவு இருக்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? ஆண்களுக்குரிய இரண்டு மணித்தியாலத்தை நாம் வாரந்தோறும் ஞாபகம் வைத்திருக்கிறோம். பெண்களுக்குரிய நான்கு மாதம் பத்து நாளை, மையித்து வீட்டில் ஒருவர் எழுந்து சொன்னால்தான் உண்டு.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியையின் கணவர் திடீரென்று மௌத்தானார். மூன்று பிள்ளைகள். நாலாம் நாள் அவருடைய நானா என்னிடம் வந்தார். “தங்கச்சிக்கு இந்த வருசம் மெடிக்கல் லீவு எத்தனை நாள் மிச்சமிருக்கெண்டு அதிபரிட்டக் கேட்டுச் சொல்லேலுமா? அது முடிஞ்சால் சம்பளமில்லாமத்தான் நிக்கோணும்” என்றார். அந்த வீட்டில் இழப்போடு சேர்த்து சம்பளக் கணக்கும் நடந்துகொண்டிருந்தது. விதிக்கோவையைக் காட்டி, மரணச் சான்றிதழின் பிரதியோடு அதிபர் ஊடாக வலயக் கல்வி அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதினோம். லீவு கிடைத்தது. தங்கச்சி இத்தா முடித்து, தன் மெடிக்கல் லீவு குறையாமல் பாடசாலைக்கு வந்தார்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். புத்தளத்தில் நாங்கள் இருந்த காலத்திலிருந்து பழகிய குடும்பமொன்று. அந்த வீட்டுப் பெண் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்துவந்தார். கணவன் மௌத்தாகிப் பத்தாம் நாள் திரும்பவும் மெஷினுக்குப் போய்விட்டார். ஊர் பேசியது. இத்தா இருக்காதவள் என்று பெண்களே பேசினார்கள். தனியார் துறை ஊழியருக்கு இத்தா லீவு என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அவருக்கு இருந்தது சில நாள் வருடாந்த லீவு. அதற்கு மேல் நின்றால் வரவுக்கான கொடுப்பனவு போகும், பிறகு வேலையும் போகும், பிள்ளைகள் பட்டினி. அவரைப் பற்றிப் பேசிய நாவுகளில் ஒன்றாவது இதைப் பேசியிருந்தால், ஊர்ப் பணத்தில் நான்கு மாதச் சம்பளத்தைச் சேர்த்துக் கொடுத்திருக்கலாம். சட்டம் எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தான், அதற்கு அப்பால் சமூகம் எங்கே தொடங்க வேண்டும் என்பதும் தெரியும்.

இந்த மாவட்டத்தில் பெருந்தொகையானோர் மேலே சொன்ன எந்த வகுப்பிலும் அடங்காதவர்கள். கூலிக்கு வயல் வெட்டுகிறவர்கள், மேசன்மாருக்குக் கையாள் நிற்கிறவர்கள், கரைவலை இழுக்கிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள். 2009க்குப் பிறகு குடும்பத்தைத் தனியே சுமக்கிற பெண்களும், யுத்தத்தில் காயப்பட்டு இன்றும் கிளினிக்குக்கு அலைகிறவர்களும் இங்கே அதிகம். அவர்களிடம் போய் லீவு உரிமை என்று எதைச் சொல்வது? காய்ச்சலோடு கிடந்த மகனுக்குத் துணை நின்ற ஒரு கரைவலைத் தொழிலாளியிடம் நான் இந்தப் பேச்சை எடுத்தபோது அவர் சிரித்தார்.

“எங்களுக்கு லீவெண்டால் கடல் தாற லீவுதான் மாஸ்டர். காத்துக் கிளம்பினால் எல்லாருக்கும் லீவு.”

சட்டத்தில் உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று நான் சொன்னேன். சொல்ல வெட்கமாக இருந்தது, என்றாலும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப மச்சானை ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொல்லுவம். நானும் ஒருநாள் விட்டு ஒருநாள் கடலுக்குப் போறன்” என்றார். இல்லை என்பதும் ஒரு தகவல்தான். வருமோ வராதோ என்று ஒன்றை எதிர்பார்த்து நாட்களைக் கழிப்பதைவிட, இல்லை என்று தெரிந்து அன்றைக்கே வேறு ஏற்பாடு செய்வது மேல். பொய்யான ஆறுதலை ஏழை ஆளுக்குக் கொடுப்பது அவரிடமிருந்து ஒரு நாளைக் களவெடுப்பதற்குச் சமம்.

நோயுற்ற பெற்றோரையோ பிள்ளையையோ பார்ப்பதற்கென்றே ஒரு லீவு உலகின் பல நாடுகளில் உண்டு. பிரித்தானியாவில் 2024 ஏப்ரலிலிருந்து பராமரிப்பாளர் எவரும் வருடத்துக்கு ஒரு வாரம் லீவு எடுக்கலாம், சம்பளம் கிடையாது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2004லேயே சம்பளத்தின் ஒரு பங்கோடு இப்படியொரு லீவைத் தந்தது. தொடக்கத்தில் ஆறு வாரம், 2020இலிருந்து எட்டு வாரம். ஆனால் சட்டம் நடைமுறைக்கு வந்து ஏழு வருடம் கழித்து, 2011இல் அங்கே எடுத்த கருத்துக்கணிப்பில், கேட்கப்பட்டவர்களில் பாதிப் பேர்கூட அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவில்லை. பணமும் பத்திரிகையும் இணையமும் நிறைந்த இடத்தின் கதி இது. அங்கே இந்த லீவுக்கு விண்ணப்பிக்க நோயாளியின் வைத்தியர் சான்றுப்படுத்த வேண்டும் என்பதால், விடயம் எப்படியோ வைத்தியசாலை வாசலுக்கு வந்தே ஆகும். இங்கே அப்படியொரு சட்டமும் இல்லை, அப்படியொரு படிவமும் இல்லை. இருக்கிற சிறிய உரிமைகளைப் பல இடங்களிலிருந்து பொறுக்கி எடுத்துக்கொண்டுதான் வாட்டுக்குப் போக வேண்டும்.

அதை யார் சொல்வது? ஒரு இரவுக்கு நாற்பது நோயாளிகளைப் பார்க்கும் தாதியிடம் தொழிற் சட்டத்தையும் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வைத்தியசாலைச் சுவர்களில் டெங்கு நுளம்பைப் பற்றியும் தாய்ப்பாலைப் பற்றியும் கைகழுவுவதைப் பற்றியும் பெரிய படங்கள் ஒட்டியிருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு தாளுக்கு இடமில்லாமலா போகும்? ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று சுவர் சொல்கிறது. அதற்கு இத்தனை நாள் லீவும் இத்தனை இடைவேளையும் உமக்கு இருக்கிறது என்பதையும் அதே சுவர் சொன்னால் அந்த அறிவுரைக்குக் கால் முளைக்கும். கர்ப்பிணித் தாயின் வீட்டுப் படியேறிப் போகிற குடும்பநல உத்தியோகத்தர்கள் நமது நாட்டின் பெருமைக்குரிய ஏற்பாடு. இரும்புச்சத்துக் குளிசையைக் கொடுக்கும்போதே “தங்கச்சி எங்க வேலை செய்யிறீர்?” என்று கேட்டு இரண்டு வரி சொல்ல அவர்களைவிடப் பொருத்தமானவர் இல்லை.

2022இன் கடைசியில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்தோம். இரண்டு ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர், தொழில் திணைக்களத்து நண்பர், பிறகு என் மனைவி. ஒரே ஒரு தாளில், பெரிய எழுத்தில், தமிழில் எழுதினோம். எழுதுவினைஞர் ஐயா சட்டத்தின் பெயர்களை முதலில் போட்டார். மனைவி அதை வெட்டிவிட்டார். “ஆஸ்பத்திரியில நிக்கிற ஆளுக்குச் சட்டத்தின்ர பேர் எதுக்கு? நீங்க எங்க வேலை செய்யிறீங்க எண்டு முதல்ல கேளுங்க” என்றார். அவர் சொன்னபடியே எழுதினோம். அரசாங்க உத்தியோகமா, கடையா, அலுவலகமா, தொழிற்சாலையா, கூலி வேலையா? ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு மூன்று வரி. கூலி வேலை என்பதற்குக் கீழே “சட்டப்படி லீவுச் சம்பளம் இல்லை” என்று எழுதி, துணை நிற்பதற்கு முறை வைத்துக்கொள்ள உதவி தேவைப்படுகிறவர்கள் சொன்னால் ஆட்களை ஒழுங்கு செய்யலாம் என்று எங்கள் தொலைபேசி இலக்கத்தைப் போட்டோம்.

அதன் கீழே எல்லோருக்கும் பொதுவாக நாலு விடயம். ஒன்று, லீவைக் கடிதமாகக் கேளுங்கள், பிரதியோ படமோ வைத்திருங்கள். இரண்டு, நோயாளியோடு தங்கி நிற்பதாக வாட்டில் ஒரு துண்டு கேளுங்கள். கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் எழுதித் தருகிறார்கள், கேட்காதவருக்கு ஒருவரும் தர மாட்டார்கள். மூன்று, நியமனக் கடிதமோ ஊழியர் சேமலாப நிதி இலக்கமோ சம்பளத் துண்டோ ஏதாவது ஒன்றைக் கையில் வைத்திருங்கள். அந்தக் கடையில்தான் வேலை செய்கிறேன் என்று நிரூபிக்க முடியாவிட்டால் எந்தச் சட்டமும் உதவாது. நாலு, மறுத்தால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடலாம்.

தாளைக் கொண்டு நாங்கள் முதலில் போன வைத்தியசாலையின் பெயர் இங்கே வேண்டாம். பொறுப்பாயிருந்தவர் மரியாதையாகவே பேசினார். வெளியார் எழுதிய ஒன்றை மேலிடத்து அனுமதியில்லாமல் சுவரில் ஒட்ட முடியாது என்றார். அவர் நிலையில் அது சரி. ஒருவரும் ஒருவரும் எழுதிய தாள்களையெல்லாம் ஒட்டத் தொடங்கினால் பிழையான வைத்தியமும் ஒட்டப்படும். அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஊழியர்களுக்கு இந்த விடயங்களை அறிவிக்க என்ன ஏற்பாடு இருக்கிறது என்று ஒரு விண்ணப்பமும் எழுதி வைத்திருக்கிறோம். அதற்கிடையில், வைத்தியசாலைக்கு எதிரிலுள்ள தேத்தண்ணீர்க் கடைக்காரர் தாளை வாங்கி வாசித்துப் பார்த்துவிட்டு, கல்லாப்பெட்டிக்கு மேலே தானே ஒட்டினார். துணைக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் விடியற்காலையில் சுடுதண்ணீர்ப் போத்தலோடு வருகிற இடம் அது. பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஒன்று, கோயில் மண்டபத்தில் ஒன்று, கத்தோலிக்கத் தேவாலயத்தில் ஒன்று என்று பிறகு போட்டோம்.

அதைப் பார்த்து வருகிற அழைப்புகள் அதிகமில்லை. சில கிழமைகளில் ஒன்று, சில கிழமைகளில் ஒன்றும் இல்லை. மகரகமவில் தாயை வைத்துப் பார்க்கிற மகள் ஒருத்தி ஒரு நாள் இரவு அழைத்தாள். அங்கே சிங்களத்தில் துண்டு எப்படிக் கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் சிங்களம் தட்டுத்தடுமாறித்தான் வரும். புத்தளத்தில் வளர்ந்த மனைவி தொலைபேசியை வாங்கி ஒரு வாக்கியத்தை மூன்று தரம் சொல்லிக் கொடுத்தார். மறுநாள் துண்டு கிடைத்ததென்று செய்தி வந்தது. தாளின் அடியில் அந்தச் சிங்கள வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் சேர்க்க வேண்டும் என்று மனைவி சொல்லியிருக்கிறார்.

அடுத்த பதிப்பில் சேர்ப்போம். தாளின் மூலையில் திகதியும் போட்டிருக்கிறோம். சட்டம் மாறும், சுற்றுநிருபம் மாறும், நாளை நமது நாட்டிலும் நோயாளியைப் பார்ப்பதற்கென்றே ஒரு லீவு வரவும் கூடும். அன்றைக்கு இந்தத் தாள் பழைய சட்டத்தைச் சொல்லிக்கொண்டு தேத்தண்ணீர்க் கடைச் சுவரில் தொங்கக் கூடாது. ஆகவே வருடத்துக்கு ஒரு தடவை, ஜனவரி விடுமுறையில், பழையதைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுவது என்று தீர்மானித்திருக்கிறோம். இதை வாசிக்கிறவர்களில் உத்தியோகத்தர்கள் இருப்பீர்கள், அதிபர்கள் இருப்பீர்கள், கடை வைத்திருப்பவர்களும் இருப்பீர்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு நலம் விசாரிக்கப் போகும்போது, கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறவரிடம் அவருடைய வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.